ஒரு பெயருக்குள் ஒருவர்

மூக்கு அரிக்கிறது. அரிக்காமல் என்ன செய்யும், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் உறை, உறை முழுக்கக் கறுப்பு, தலை முழுக்கக் கறுப்பு, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த நேரம் பார்த்துத்தான் மூக்கு அரிக்கும், முதுகு அரிக்கும், எங்கெல்லாம் கை வைக்க முடியாதோ அங்கெல்லாம் அரிக்கும். சாயம் அரை மணி நேரம் ஊற வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லீக் கூட்டம் என்று அட்மின் போன வாரமே சொல்லிவிட்டான், கூட்டம் என்றால் எங்கும் போக வேண்டியதில்லை, அவரவர் வீட்டில் இருந்தபடி காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற கூட்டம், அதனால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். போன் மெஷின் மூடிமேல் கிடக்கிறது. இடது காதில் மட்டும் இயர்போன், வலது காதோரம் சாயம் வழிகிறது. திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் மைக் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. நான் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது. இப்போதைக்கு அதுவே நல்லது. "அடுத்த கருத்து" என்கிறான் அட்மின். நாகமாணிக்கம் என்று பெயர், பொள்ளாச்சியில் செல்போன் ரிப்பேர் கடை, நொய்யல் லீக் என்கிற இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டப் போட்டியைத் தொடங்கியவன் அவன்தான், எட்டு டீமையும் கட்டி மேய்க்கிறவனும் அவன்தான். சீசன் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினான், லீக்கை நன்றாக நடத்த உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், பெயர் போட வேண்டாம் என்று. பெயர் போட வேண்டாம் என்றால் மனிதன் என்னவெல்லாம் எழுதுவான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

வந்த கருத்தையெல்லாம் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில் படிக்கிறான். ஆட்டம் ஏழரைக்கு என்றால் ஏழரைக்குத் தொடங்க வேண்டும், எட்டே காலுக்கு வந்து சார்ஜர் தேடக் கூடாது. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு விதி வேண்டும், ஏனென்றால் திருப்பூர்க்காரர்களுக்குத் தோற்கிற நேரத்தில் மட்டும் கரண்ட் போகிறது. ஜெயித்த பிறகு "தூங்கப் போங்கடா" என்று எழுதுவதைத் தடை செய்ய வேண்டும். பரிசாக எவர்சில்வர் அண்டா கொடுப்பதை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது கொடுக்கலாம். இதற்குச் சிரிப்பு. யாரோ மைக்கைத் திறந்து, "அண்டா இருக்கட்டுங்க, எங்கூட்ல அதுலதான் தண்ணி காய்ச்சறோம்" என்றான். நானும் சிரித்தேன், ஒரு கணம். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதுகிற ஆட்டம், கம்ப்யூட்டரில் ஒரு கட்டடம், அதற்குள் அறைகள், கதவுகள், துப்பாக்கி, எதிராளியின் அறையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான், பகலெல்லாம் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக்கும் போல்ட்டுக்கும் கொட்டேஷன் வாங்குகிற எனக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் இது. சிறுவாணி சிங்கங்கள் என்று டீமுக்குப் பெயர் வைத்தவன் நான். கேப்டனும் நான். வயது கேட்டபோது முப்பத்தைந்து என்று சொல்லிவைத்தேன், ஒன்பதைக் குறைத்தேன், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றுதான். "அடுத்த கருத்து. கேப்டனா இருக்கற ஒரே காரணத்துக்காகக் கை ஓடாத ஆளுக எல்லாம் இடத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்காங்க, அவங்களாப் பார்த்து விலகணும்." இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் நினைத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பட்டது. அப்படிப் பட வேண்டியதில்லை, எட்டு கேப்டன் இருக்கிறார்கள். ஆனால் எட்டுப் பேரில் மற்ற ஏழு பேருக்கும் கை ஓடுகிறது. காது சுட்டது. சாயத்தால் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் படித்த கருத்துதான் என்னுடையது. படித்து முடித்தாயிற்று. இப்போது வேறு என்னென்னவோ படிக்கிறான், என் மண்டைக்குள் அதே வரி சுற்றிச் சுற்றி வருகிறது. "ஒரு பெயருக்குள் ஒருவர்தான் இருக்க வேண்டும்." இதை இரண்டு தடவை படித்தான் அட்மின், "அருமையா எழுதியிருக்காங்க, யாருன்னு தெரியல" என்றான். எழுதின அன்றைக்கு எனக்கும் அது அருமையாகத்தான் தெரிந்தது, எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன், சுகந்தி அடுக்களையிலிருந்து "யாருகூடப் பேசறீங்க" என்று கேட்டாள். அரையிறுதியில் தோற்றுவிட்டு எழுந்த சூடு. அவினாசி அதிரடி டீமில் ஒருத்தன், சீசன் முழுக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றவன், அன்றைக்கு மட்டும் எங்கள் நான்கு பேரை வரிசையாகச் சுட்டான். அது அவன் இல்லை, அவன் பெயரில் வேறு எவனோ உட்கார்ந்து ஆடினான் என்று எனக்கு நிச்சயம். முகம் தெரியாவிட்டால் என்ன, ஒரு ஆளை ஆட்டத்திலேயே அடையாளம் தெரியும், கதவைத் திறக்கிற விதம், திறந்ததும் எந்தப் பக்கம் பார்க்கிறான், குண்டு தீர்ந்ததும் ஓடுகிறானா உட்காருகிறானா, இதெல்லாம் நடை மாதிரி, மாற்ற முடியாது. ஆகவே எழுதினேன். ஒரு பெயருக்குள் ஒருவர்தான். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் கேமராவில் முகம் காட்ட வேண்டும். ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்த அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மூன்றாவது வரி எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, கோபத்தில் எழுதுகிறவனுக்கு இரண்டு வரியோடு நிறுத்தத் தெரிவதில்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன், கூட ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பூபதி என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. இதைத்தான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். சத்தியமாக வரவில்லை.

பூபதி எங்கள் டீமின் ஐந்தாவது ஆள். உடுமலைப்பேட்டை. உண்மையான பூபதி லீக்கில் சேர்ந்து இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான், கம்ப்யூட்டரையும் ஆட்டத்து அக்கவுண்டையும் அப்படியே வைத்துவிட்டு. அது எனக்குத் தெரியாது. பூபதி ஆடுகிறான், மைக்கில் பேசமாட்டான், வந்துட்டேன், சரிங்க, சாரிங்க என்று எழுதுவதோடு சரி, கூச்ச சுபாவம் என்று நினைத்தோம். ஆனால் பூபதி ஒரு வாரம் ஒரு மாதிரி ஆடினான், அடுத்த வாரம் வேறு மாதிரி ஆடினான். ஒரு வாரம் கதவோரம் அசையாமல் நிற்பான், எதிரிகள் மூன்று பேர் கடந்து போகும்வரை மூச்சுவிடமாட்டான், கடைசி ஆள் போனபிறகு பின்னாலிருந்து சுடுவான். அடுத்த வாரம் புகைக்குள் தலைதெறிக்க ஓடுவான், முதல் ஆளாகச் சாவான், செத்த பிறகு சிரிக்கிற பொம்மை அனுப்புவான், நாலு தடவைக்கு ஒரு தடவை மொத்த அறையையும் தனியாகப் பிடித்துவிடுவான், நாங்கள் எல்லோரும் கத்துவோம். மனசுக்குள் பெயரே வைத்துவிட்டேன், பொறுமைப் பூபதி, அவசரப் பூபதி. அப்புறம் ஒரு நாள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஒரு பெண் குரல். "கேப்டனுங்களா? நான் கோகிலாங்க. பூபதி சம்சாரம். இன்னிக்கு இங்க நெட்டு இல்லீங்க, ஆட முடியாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டனுங்க." பூபதி எங்கே என்று கேட்டேன். "அவரு மஸ்கட்ல இருக்காருங்க. நாங்கதான் ஆடறமுங்க. நானும் எங்கத்தையும். ஒரு வாரம் அவிய, ஒரு வாரம் நான். தப்புங்களா?" தயிர்ச்சாதத்தில் கையை வைத்தபடி, "அதெல்லாம் ஒண்ணும் தப்பில்லம்மா" என்றேன். சொன்னேனே. என் வாயால் சொன்னேன். "ஊட்ல நாங்க ரெண்டே பேருங்க, அவரு போனதுக்கப்புறம் பேசிக்கறதுக்கு ஒண்ணுமில்லாமக் கெடந்ததுங்க. அவிய டிவி பாப்பாங்க, நான் போனப் பாப்பேன். இப்ப ஒருத்தர் ஆடுனா ஒருத்தர் பின்னால நின்னு பாப்பமுங்க, வாரம் பூரா அதையே பேசிட்டிருப்பமுங்க. அவருக்குக்கூடத் தெரியாதுங்க." யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. நானாகவே, "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

சொல்லவுமில்லை, அதுதானே கொடுமை. யாரிடமும் சொல்லவில்லை, அட்மினிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்படி மறந்தேன். இதை நேற்றிலிருந்து குடைந்துகொண்டிருக்கிறேன், கூட்டத்தில் என்னென்ன பேசப்போகிறோம் என்று அட்மின் பட்டியல் அனுப்பினானே, அதில் முதல் வரியாக என் வரி இருந்ததைப் பார்த்தவுடன்தான் பூபதி என்று உறைத்தது. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அரையிறுதி அன்றைக்குக் காலையில்கூட, இன்றைக்கு எந்தப் பூபதி வரும் என்று யோசித்துக்கொண்டுதான் பைக் ஓட்டினேன். விஷயம் என்னவென்றால் எனக்கு அவர்கள் இரண்டு பேர் இல்லை. ஒரே பூபதி. ஒரு நாள் பொறுமையாக இருப்பார், ஒரு நாள் அவசரப்படுவார், நம் வீட்டு ஆட்களைப் போல. இரண்டு பேர் ஒரு பெயரில் ஆடுவது அக்கிரமம் என்று எழுதினபோது அவினாசிக்காரன் முகத்தைத்தான் நினைத்தேன், அந்த முகத்தையும் நான் பார்த்ததில்லை. அது சரி, அவனாவது குற்றவாளியா என்றால் அதுவும் போச்சு. என் கருத்தைப் படித்ததும் முதலில் மைக்கைத் திறந்தவன் அவன்தான். "நல்ல ரூல்ங்க. என்னயத்தான் சந்தேகப்பட்டு எழுதியிருக்காங்கன்னு நெனைக்கறன். நான் ரெண்டு மாசமா தெனமும் காலைல எந்திரிச்சுப் பழகுனனுங்க. கேமரா போடச் சொல்லுங்க, நான் மொதல்ல போடறேன்." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நடை மாதிரி, மாற்ற முடியாது என்றேன் இல்லையா. பழகினால் மாறுமாம்.

"இன்னுங் கழுவலீங்களா? நெத்தியெல்லாம் எறங்குது" என்கிறாள் சுகந்தி, துணிக் கூடையோடு வாசலில் நிற்கிறாள். தலையை ஆட்டினேன். நெற்றியில் வழிவதைத் துடைக்கப் புறங்கையைத் தூக்கி, புறங்கையிலும் சாயம் இருப்பதைப் பார்த்து, கையைத் தொங்கவிட்டேன். "மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?" "ஒண்ணுமில்ல." "தோத்துப்போனதுக்கு இன்னுமா?" "இல்ல." அவளிடம் சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும், அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க என்பாள், எவ்வளவு சுலபமாகச் சொல்வாள். நேற்றே கூப்பிட்டிருக்கலாம். நம்பர் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்தேன், ஒரு தடவை அழைப்பும் போனது, மணி அடிக்கும் முன்னால் நிறுத்திவிட்டேன். என்ன சொல்வது, அம்மா, நாளைக்கு ஒரு விதி வரப்போகிறது, யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றா? யாரோ என்ற சொல்லைச் சொல்லும்போது என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இன்றைக்குக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாம் என்று நினைத்திருந்தேன், அது நிஜம், கேமராவெல்லாம் எதற்கு, நமக்குள் நம்பிக்கை வேண்டாமா என்று ஆரம்பிப்பது, கொஞ்சம் சிரிக்க வைப்பது, மெதுவாக அப்படியே அமுக்கிவிடுவது. வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பிறகு ஏன் கூட்டம் தொடங்குகிற நேரம் பார்த்துச் சாயத்தைக் குழைத்து உறையை மாட்டினேன்? நேற்றே போட்டிருக்கலாம். சாயங்காலம் போட்டிருக்கலாம். கையில் சாயம் இருக்கும்போது மைக்கைத் தொட முடியாது. இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. சுகந்தி துணியை மெஷினில் போடாமல் கூடையை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். போனைத் தொட்டுவிடாதே என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் தொடவில்லை.

நான் எழுதின விதிக்கு ஓட்டெடுப்பு. எழுத வேண்டியதில்லை, எதிர்ப்பு இருந்தால் மட்டும் பேசுங்கள் என்கிறான் அட்மின். காதில் ஒரே அமைதி, யார் வீட்டிலோ குக்கர் விசிலடிக்கிறது, யாரோ இருமுகிறார்கள். இப்போது. இப்போது பேச வேண்டும். உறையைக் கழற்ற எவ்வளவு நேரமாகும், பல்லால் கடித்து இழுத்தால் வந்துவிடும், சாயம் வாயில் படும், படட்டும், செத்தா போய்விடுவேன். கடிக்கவில்லை. அட்மின் காத்திருக்கிறான், அந்த அமைதி ரொம்ப நேரம் இருந்தது, எனக்காகவே இருந்த மாதிரி இருந்தது, எந்தப் பெயரும் வாய் திறக்கவில்லை, என் பெயரும் திறக்கவில்லை. "சரிங்க, எதிர்ப்பு இல்ல. அடுத்த சீசன்ல இருந்து அமலுக்கு வருது. இப்பவே ஒவ்வொரு கேப்டனும் உறுதி சொல்லிருங்க, உங்க டீம்ல ஒரு பேருக்கு ஒருத்தர்தான்னு." அவினாசி, உறுதி. திருப்பூர், உறுதி. ஈரோடு, உறுதி. இதற்கு நான் தயாராக இல்லை. வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டும், அல்லது அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எழுந்தேன், உட்கார்ந்தேன். மருந்து வாடை மூக்கில் ஏறுகிறது. வலது கை உறையைப் பல்லால் இழுத்தேன், நாக்கெல்லாம் கசப்பு, உறை கழன்று விழுந்தது. "சிறுவாணி சிங்கங்கள். கேப்டன்?" விரலைத் திரைமேல் கொண்டு போனேன். சிவப்புக் கோடு போய்விட்டது. இனி நான் மூச்சு விட்டால்கூடக் கேட்கும். "கேப்டன் இருக்கீங்களா?" "இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அப்போதுதான் பூபதி பெயருக்குப் பக்கத்திலிருந்த கோடும் போயிற்று, சீசன் முழுக்கப் போகாத கோடு.

"அட்மினுங்களா, வணக்கமுங்க. கோகிலா பேசறனுங்க. கேப்டன் எங்களுக்காகத் தயங்கறாருங்க. அவரக் கேக்காதீங்க. பூபதி பேர்ல நாங்க ரெண்டு பேரு ஆடறமுங்க, நானும் எங்கத்தையும். கேப்டன் நல்ல மனுஷருங்க, தெரிஞ்சும் யாருகிட்டயும் சொல்லல." யாரோ "அடேங்கப்பா" என்றான். யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான். எனக்குக் கண்ணுக்குள் சாயம் இறங்கிவிட்டது, எரிகிறது, துடைக்க முடியாது. நல்ல மனுஷர். இந்த இடத்திலாவது, நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும், மைக் திறந்துதான் இருக்கிறது, இரண்டே சொல். அட்மின் கெட்டவன் இல்லை, மெதுவாகத்தான் பேசினான். "பரவால்லீங்க, போன சீசன் போனதுதான். இனிமே ஆளாளுக்குத் தனிப் பேர்ல பதிவு பண்ணிக்கலாமுங்க. ஒரே கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி ஆடிக்கலாம். ஆனா டீமுக்கு மாத்து ஆளோட சேத்து ஆறு பேர்தான் கணக்கு. சிறுவாணில ஏற்கெனவே ஆறு இருக்குது. யாராச்சும் ஒருத்தர் விலகிட்டா ரெண்டு பேரையும் போட்டுக்கலாமுங்க." அவ்வளவுதான். இவ்வளவு சுலபம். யாராவது ஒருத்தர். கை ஓடாத ஒருத்தர். நாற்பத்து நான்கு வயதில் தலையில் சாயத்தைப் பூசிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர், நானே எழுதி நானே மாட்டிக்கொண்டேன், அதிலிருந்து வெளியே போகக் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள், ஒரு வாக்கியம் போதும், நான் விலகிக்கிறேன், ரெண்டு பேரும் ஆடட்டும். அந்த வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களை நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களை நினைத்தேன். கம்பெனியிலிருந்து வந்து, சட்டையை மாற்றி, காதில் மாட்டியதும் நான்கு பேர் கேப்டன் என்று கூப்பிடுவதை நினைத்தேன். கம்பெனியில் என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரம் போனது. மற்ற நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை, அவர்கள் ஏன் திறக்க வேண்டும்.

"யாரையும் வெலகச் சொல்ல வேண்டாமுங்க" என்றாள் கோகிலா. "எங்கள்ல ஒருத்தர் இருந்தாப் போதுமுங்க. யாருன்னு கேப்டனே சொல்லட்டும். அவருக்குத்தான் ரெண்டு பேர் ஆட்டமும் தெரியும்." வேண்டாம், நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. கேப்டன் என்று கேட்டதும் எனக்குள் கேப்டன் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்குக் கதவோரம் தெரிந்தது, மூச்சுவிடாமல் நிற்கிற ஆள் தெரிந்தது, அடுத்த சீசன் தெரிந்தது. அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை, ஆனால் நிற்கிற விதத்திலேயே தெரியும், வாழ்க்கையில் எத்தனையோ பார்த்து, எதற்கும் அவசரப்படாத வயசு, அதுதான் அந்தப் பொறுமை. புகைக்குள் ஓடுவது சின்னப் பெண்ணின் வேகம். சின்னப் பெண்ணுக்கு வேறு டீம் கிடைக்கும், வயசு இருக்கிறது. இதையெல்லாம் ஒரு கணத்தில் யோசித்து, இதில் ஒரு நியாயம்கூட இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். "பொறுமையா கதவுகிட்ட நிக்கறவங்க இருக்கட்டும்." குரல் நடுங்கவே இல்லை.

"அப்ப கோகிலாதானுங்க" என்றது இன்னொரு குரல். வயதான குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து, பிறகு கிட்டத்தில் வந்தது. "நான் துளசிமணிங்க, அவ மாமியா. நான் பூந்து ஓடறவளுங்க. இவ எத்தன தடவ சொல்லுவா, நில்லுங்கத்தே நில்லுங்கத்தேன்னு. எனக்கு நிக்க வராதுங்க தம்பி. அம்பத்தெட்டு வருசம் நின்னாச்சு." சிரித்தார். அந்தப் பக்கம் கோகிலா, "அத்தே, நான் வேண்டாங்கறேன், நீங்க ஆடுங்க" என்பது கேட்டது. "சும்மாரு புள்ள. கேப்டன் சொல்லியாச்சில்ல. எனக்குக் கண்ணும் வலிக்குது." நான் ஏதோ சொல்ல வந்தேன், தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது, அட்மின் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். "சரிங்கம்மா. பூபதி எடத்துல கோகிலான்னு பதிஞ்சுக்கறேன். சிறுவாணி, உறுதி." "ஏனுங் தம்பி" என்றார் துளசிமணி, "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அவ ஆடறப்ப நான் எப்பவும்போலப் பின்னால நின்னு பாத்துக்கலாமில்லீங்? அதுக்கு ஒண்ணும் ரூல் இல்லியே?" அட்மின் எதையோ தேடிப் படிக்கிற மாதிரி இருந்தது. "இருக்குதுங்கம்மா. ஆட்டம் முடியற வரைக்கும் அந்த ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு அந்தக் கருத்துலயே எழுதியிருக்குதுங்க."

"அப்பிடியுங்களா" என்றார் அந்த அம்மாள். "செரிங்க. எழுதுனவிய யோசிச்சுத்தான் எழுதியிருப்பாங்க."